ஆறா, ஐந்தா

காலைச் சாப்பாடு வாங்கி வருவது எங்கள் வீட்டில் என் வேலை. எழுந்து, முகம் கழுவி, நான்கு மாடி இறங்கி, தெருமுனைக் கடையில் முட்டை ரொட்டி இரண்டு, சோயாப் பால் இரண்டு வாங்குவேன். என் மனைவி யா-சூவுக்குச் சர்க்கரை இல்லாமல் சூடாக. எனக்குச் சர்க்கரையோடு குளிரக் குளிர. நான் வாய் திறக்குமுன் கடைக்கார அக்கா கட்டிவைத்துவிடுவாள்.

“ஒண்ணு கொதிக்குது, ஒண்ணு உறையுது. உங்க வீட்டுல மட்டும் ரெண்டு பருவமாப்பா?” என்பாள்.

மேலே கொண்டுவந்து மேசையில் வைப்பேன். யா-சூ ஒரு கையால் முடியை உலர்த்திக்கொண்டே நின்றபடி சாப்பிடுவாள். நான் எதிரே உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிறகு அவள் தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு “வரேன்” என்பாள். ஸ்கூட்டர் சத்தம் சந்து திரும்பியதும் நான் கணினியைப் போடுவேன். அன்று காலையும் இதில் எதுவும் மாறவில்லை.

அன்றைய நாளை ஆரம்பத்திலிருந்து சொல்லும்படி கேட்டீர்கள், மேடம். அதனால்தான் இங்கே தொடங்குகிறேன்.

நான் மின்னணுவியல் படித்தவன். இரண்டு ஆண்டுகள் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். பிடிக்கவில்லை. இப்போது இணையத்தில் நேரலை நடத்துகிறேன். புதிதாக ஒரு போனோ டேப்லெட்டோ அறிவிக்கப்பட்டால், அதற்குள் இருக்கும் செயலி எது, கணக்குப் போடும் கோர் எத்தனை கொண்டது, யாருடைய ஆலையில் செய்தது என்று விவரம் வெளியாகுமுன் ஊகித்துச் சொல்வது என் தொழில். எங்கள் சின்சூ நகரில் இதைக் கேட்க ஆள் உண்டு. எங்கள் கட்டடத்திலேயே மாடிக்கு ஒருவர் சில்லுத் தொழிலில் இருக்கிறார்.

ஊகம் என்றால் வாய்க்கு வந்ததைச் சொல்வது என்று வெளியில் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மேடையில் ஒருவர் சாதனத்தைத் தூக்கிக் காட்டும்போது விரல்களை எங்கே வைக்கிறார் என்று பார்க்க வேண்டும். எடை கூடியிருக்கிறதா, பின்மூடி எந்த உலோகம் என்று பார்க்க வேண்டும். சொன்னதைவிடச் சொல்லாமல் விட்டது எது என்று கவனிக்க வேண்டும். நான் அதில் கெட்டிக்காரன். என் நேயர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

யா-சூ ஒரு சோதனைக்கூடத்தில் பொறியாளர். ஆலையிலிருந்து வரும் சில்லுகளைச் சோதித்து, நல்லது, குறையுள்ளது என்று பிரிக்கும் இடம். உள்ளே நுழையும்போது போன் கேமராமேல் ஸ்டிக்கர் ஒட்டிவிடுவார்கள். எதைச் சோதிக்கிறோம் என்று வீட்டில்கூடச் சொல்வதில்லை எனக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சொன்னதும் இல்லை. நானும் கேட்டதில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த மாலை வரை இது பற்றி நான் அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. பார்த்தேன், அவ்வளவுதான்.

பார்த்தாலே போதுமாக இருந்தது. புதுச் சில்லு வந்த வாரங்களில் தாமதமாக வருவாள். குறையுள்ளவை அதிகமாக வந்தால் இரண்டாம் முறை சோதிக்க வேண்டும். அப்போது சாப்பிடாமலே தூங்கிவிடுவாள். எண்ணிக்கை தெரிய வேண்டுமென்றால் இரவுச் சாப்பாட்டில் பேச்சுவாக்கில் ஒன்றைச் சொல்வேன். “அந்தப் புதுப் போன்ல எட்டு கோராம்.” அவள் கையிலிருந்த சாப்பாட்டுக் குச்சிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தால் தவறு. நூலிழை நேரம் நின்றால் சரி. இப்படித்தான் எனக்குப் பெயர் வந்தது.

ஒருநாள் நேரலையில் ஒரு நேயர், “எப்படிண்ணே ஒவ்வொரு தடவையும் கரெக்டா சொல்றீங்க?” என்று கேட்டிருந்தார். நான் நல்ல மனநிலையில் இருந்தேன். “வீட்டுல ஒரு கருவி வச்சிருக்கேன். சோறு போட்டா போதும், வேலை செய்யும்” என்றேன்.

யா-சூவின் சோதனைக்கூட உணவறையில் யாரோ அதைப் போட்டுக் கேட்டுச் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து, பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

“கருவியா?”

“சும்மா, விளையாட்டுக்கு.”

“சோறு நீயா போடற? அரிசி வாங்கறது நான். வடிக்கறது நான். கருவி வேணும்னா உன்னைத்தான் சொல்லணும்.”

“கோபமா?”

“இனிமே தட்டைப் பார்த்துச் சாப்பிடு. என்னைப் பார்த்த, குச்சியாலயே கண்ணைக் குத்திடுவேன்.”

பாதி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வசந்தத்தில் அவள் கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். என் ஊகங்கள் அளவுக்கு மீறிச் சரியாக இருந்ததுதான் காரணம். அன்று தலைக்கவசத்தைக் கழற்றாமலே வந்து உட்கார்ந்தாள். கண்ணாடி மூடியை மட்டும் மேலே தள்ளிவிட்டுப் பேசினாள்.

“நீ என் புருஷன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் எதுவும் சொன்னதில்லன்னு சொன்னேன். அது உண்மைதானே?”

“உண்மைதான்.”

“நீ ஊகம் பண்ணு. வேண்டாம்னு சொல்லல. மேடையைப் பாரு, படத்தைப் பாரு. என்னை மட்டும் விட்டுடு, போ-ஹான்.”

சரி என்றேன். விசாரணை எப்படி முடிந்தது என்று அவள் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை. வேலை இருந்தது. தினமும் ஸ்கூட்டரில் போய்வந்துகொண்டிருந்தாள்.

அதன்பிறகு அவள் ஒரு வேலை செய்தாள். சாப்பிடும்போது நான் எந்த எண்ணைச் சொன்னாலும் குச்சிகளை நிறுத்தினாள். கோயில் சிலை மாதிரி, வாய்க்குப் பாதி வழியில் காய்கறித் துண்டு தொங்க, அசையாமல் உட்கார்ந்திருப்பாள். நான்கு என்றாலும் நிறுத்தம், பத்து என்றாலும் நிறுத்தம். பஸ் நம்பரைச் சொன்னால்கூட நிறுத்தினாள். “இப்பக் கண்டுபிடி, மேதாவி” என்பாள். சூப் ஆறிப்போகும்வரை இந்தக் கூத்து நடக்கும். நானும் சிரிப்பேன்.

ஆனால் முகத்தையும் கையையும் பூட்டிவிட்டால் உடம்பு முழுக்கப் பூட்டியதாகாது. வீடு திரும்பும் நேரம், தூங்கும்போது எந்தப் பக்கம் திரும்புகிறாள், குளியலறையில் எவ்வளவு நேரம் இருக்கிறாள், எல்லாவற்றிலும் அவள் வேலை இருந்தது. விசாரணைக்குப் பிறகும் இரண்டு முறை அவளைப் பார்த்தே சரியாகச் சொன்னேன்.

பிறகு இந்த டேப்லெட் வந்தது. எந்த நிறுவனம் என்பது உங்கள் வழக்குக் கோப்பில் இருக்கிறது. மேடையில் ஒரு மணி நேரம் பேசினார்கள். செயலியைப் பற்றி, “நாங்கள் செய்ததிலேயே வேகமானது” என்று ஒரே வரி. எத்தனை கோர் என்று சொல்லவில்லை. முழு விவரத்தை ஒரு வாரம் கழித்து, குறிப்பிட்ட நாள் மாலையில் இணையப் பக்கத்தில் போடுவதாக அறிவித்தார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று நீங்கள் போன முறை கேட்டீர்கள். ஆறு கோர் சில்லுகளைச் செய்யும்போது சிலவற்றில் ஒரு கோர் சரியாக வராது. அவற்றை எறிவதில்லை. கெட்ட ஒன்றை அணைத்துவிட்டு, மிச்ச ஐந்தோடு விலை குறைந்த சாதனத்தில் வைத்துவிடுவார்கள். வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் விலை உயர்ந்த டேப்லெட்டில் அதை வைத்துவிட்டு வேகமானது என்று மேடையில் சொன்னார்களா என்பதுதான் கேள்வி. ஆறு என்றால் முழுச் சில்லு. ஐந்து என்றால் கழிவு. எங்கள் வட்டாரத்தில் ஒரு வாரம் வேறு பேச்சே இல்லை.

நான் ஆறு என்றேன். அறிவிப்புக்கு முந்தைய மாதம் முழுவதும் யா-சூ நேரத்தோடு வீடு வந்தாள், வயிறாரச் சாப்பிட்டாள். கழிவைப் பிரித்தெடுக்கும் வேலை இருந்திருந்தால் அப்படி வந்திருக்க முடியாது. இதை நேரலையில் சொல்லவில்லை. வேறு காரணங்கள் சொன்னேன்.

கீலுங் துறைமுகத்திலிருந்து ஒருவர் நேரலை நடத்துகிறார். கீலுங் மாமா என்று பெயர். வயதானவர், பேச்சு காரம். அவர் ஐந்து என்றார். எங்கள் ஊர் இணையத்தில் பந்தயம் கட்டினால் வறுத்த கோழித்துண்டில்தான் கட்டுவார்கள். தோற்றவர் வாங்கி ஊருக்குப் போட வேண்டும். முந்நூறு பேருக்கு, ஊர் நடுவிலிருக்கும் பழைய கோட்டையின் கிழக்கு வாசல் முன்னால் என்று முடிவானது. பக்கம் வெளியாகும்வரை ஒருவர் ஒருமுறை எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்பது வழக்கம்.

“தம்பி, ஆறுன்னு சொன்ன வாயோட எண்ணெய்ச் சட்டி முன்னாடி வரிசையில நிக்கப் போற” என்று எழுதினார். “எனக்கு மிளகாப்பொடி தூக்கலா. ஓரம் முறுகலா. முன்கூட்டியே சொல்லிட்டேன்.”

கோழித்துண்டு ஒரு பொருட்டில்லை. முந்நூறு பேர் என்னைப் படம் எடுப்பார்கள். ‘கருவி பழுது’ என்று அட்டை எழுதிக்கொண்டு வருவதாக ஏற்கெனவே சிலர் சொல்லியிருந்தார்கள். அதற்கப்புறம் என்னை யார் கேட்பார்கள்? எனக்கு வேறு தொழில் தெரியாது.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய வீடு. பின்பக்கம் பால்கனி. வாஷிங் மெஷின், எரிவாயு வெந்நீர் ஹீட்டர் இரண்டும் அங்கே. இந்த ஊர்க் காற்றுக்குப் பயந்து வீட்டுக்காரர் பால்கனிக்கு ஜன்னல் போட்டு அடைத்துவிட்டார். இரண்டு குளிர்காலங்களுக்கு முன் தீயணைப்புத் துறைக்காரர் ஒருவர் வீடு வீடாக வந்து பார்த்தார்.

“எந்தக் குளிரானாலும் இந்த ஜன்னல் நாலு விரக்கடை திறந்திருக்கணும் சார். இல்லன்னா ஹீட்டர் எரியறப்ப வர்ற நச்சு வாயு வீட்டுக்குள்ள திரும்பும். வாசனை கிடையாது. முதல்ல தலைவலி, அப்புறம் வாந்தி, அப்புறம் கால் துவண்டுடும். பக்கத்துலயே ஜன்னல் இருக்கும், போய்த் திறக்க முடியாது.”

சொல்லிவிட்டு, சமையலறைச் சுவரில் ஓர் எச்சரிக்கைக் கருவியைப் பொருத்திவிட்டுப் போனார். யா-சூ தன் பங்குக்கு ஹீட்டர்மேல் பச்சை உறை போட்ட தின்பண்டப் பொட்டலம் ஒன்றை வைத்தாள். அவர்கள் சோதனைக்கூடத்தில் ஒவ்வொரு மெஷின்மேலும் ஒன்று வைப்பார்கள். வைத்தால் மெஷின் தகராறு செய்யாது என்று நம்பிக்கை. பொட்டலத்தின் தேதி முடியுமுன் மாற்றிவிட வேண்டும். அவள் மறக்காமல் மாற்றுவாள்.

நான் பேசும் அறை குளியலறைக்கு எதிரே. சுவரெல்லாம் பஞ்சுப் பலகை ஒட்டியிருக்கிறேன். கதவுச் சட்டத்தைச் சுற்றி ரப்பர்ப் பட்டை. உள்ளே தாழ்ப்பாள். அறைக்குத் தெருப்பக்கம் தனியாகக் காற்றுக் குழாய் உண்டு. அப்படியும் பால்கனி வழியாகக் காற்றின் ஊளை வரும், குப்பை லாரியின் பாட்டு வரும். அதனால் நேரலையின்போது பால்கனி ஜன்னலை முழுக்கச் சாத்திவிடுவேன். சாத்தினால் சமையலறைக் கதவுப் பிடியில் சிவப்புத் துண்டு கட்டிவைப்பேன். துண்டு இருந்தால் வெந்நீர் போடக் கூடாது. இது எங்களுக்குள் ஏற்பாடு. ஒருமுறைகூடத் தவறியதில்லை.

அன்று மாலை யா-சூ சீக்கிரம் வந்தாள். காற்றில் காதெல்லாம் சிவந்திருந்தது. சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு வாங்கி வந்திருந்தாள். வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அது என்னைத் தொந்தரவு செய்தது. ஆறு என்பது சரியாக இருந்தால் அவள் பாட என்ன இருக்கிறது? தவறு என்று தெரிந்து பாடுகிறாளா? நான் முந்நூறு பேர் முன்னால் நிற்பதை நினைத்துக்கொண்டாளா? கதவை மூடி உட்கார்ந்த பிறகும் அந்தப் பாட்டு எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“நீ எப்ப முடிப்ப?” என்று கதவை மூடுமுன் கேட்டாள்.

“பக்கம் வந்ததும்.”

“குப்பையை நான் எடுத்துட்டுப் போறேன். வந்து குளிக்கணும், எலும்பு வரைக்கும் குளிருது.”

அப்படித்தான் செய்தாள். கீழே போய் லாரியில் குப்பையைப் போட்டுவிட்டு வந்து குளிக்கப் போனாள்.

முதலில் உங்கள் ஆட்களிடம், ஜன்னலைக் காற்று சாத்தியிருக்கும் என்று சொன்னேன். அது தவறு. நான்தான் சாத்தினேன். வழக்கமாகச் சாத்துவதுதான் என்று அடுத்த முறை சொன்னேன். அது உண்மை, ஆனால் துண்டைக் கட்டவில்லை. துவைக்கப் போட்டிருந்தது. வேறு துணி கட்டியிருக்கலாம். எச்சரிக்கைக் கருவியின் பேட்டரியையும் நான்தான் கழற்றினேன். பேட்டரி தேய்ந்தால் அது அவ்வப்போது கூவும். அந்த நேரலைக்கு மூவாயிரம் பேர் வந்திருந்தார்கள். கூவினால் நன்றாக இருக்காது.

யா-சூவின் இறுதிச் சடங்குக்கு என் மாமியார் ஜியாயியிலிருந்து வந்தார். இறந்தவருக்கு எரிப்பதற்காகக் காகிதத்தில் செய்த வீடு, காகித ஸ்கூட்டர் எல்லாம் வாங்கியிருந்தார். காகித டேப்லெட்டும் ஒன்று.

“புது மாடலாம், மாப்பிள்ளை. கடைக்காரன் சொன்னான்” என்று அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “உள்ள நல்லதாப் போட்டிருப்பானா? உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்.”

“நல்லதுதான், அத்தை.”

“அவ எதுவும் கேக்க மாட்டா. சின்னப் பிள்ளையிலேயே அப்படித்தான். பெரிசா வாங்கிக் குடுத்தா ‘எதுக்கும்மா’ம்பா.” பெட்டியைத் தீயில் வைத்தார். “கடைசியா உங்கிட்ட என்ன சொன்னா?”

“‘நீ பேசு, நான் குளிச்சிட்டு வரேன்’னு சொன்னா.”

“தொந்தரவு குடுக்காமப் போயிட்டா” என்றார். டேப்லெட் சுருண்டு எரிந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் பிடித்துக்கொள்ள விட்டேன்.

நீங்கள் விபத்து என்று முடித்துவிட்டீர்கள். குளிர்காலத்தில் நடப்பதுதான் என்று அண்டை வீட்டாரும் சொன்னார்கள். அதைத் திரும்பத் திறக்க வைத்தவர் கீலுங் மாமா. அவருக்கு என்மேல் பகை ஒன்றும் இல்லை. கோழித்துண்டு நியாயம்தான் அவருக்கு. அன்றைய பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார். மூன்று இடத்தில் நான் மைக்கை அணைக்கிறேன், கதவுப் பக்கம் திரும்புகிறேன், வாய் அசைகிறது. மூன்றாவது முறைக்குப் பிறகு ஆறை ஐந்தாக மாற்றுகிறேன். கதவுக்கு வெளியே யாரோ உள்ளாள் நின்று பதில் சொல்லியிருக்கிறான், இது பந்தயமே இல்லை என்று உங்களுக்கு எழுதிவிட்டார். அவர் ஊகம் நன்றாகத்தான் இருந்தது. நானாக இருந்தாலும் அதே இடங்களைத்தான் பார்த்திருப்பேன்.

அந்த மூன்று இடங்களையும் சொல்கிறேன்.

முதல் முறை அவள் கதவை உள்ளங்கையால் தட்டினாள். மைக்கை அணைத்தேன்.

“ஜன்னலைச் சாத்தினியா? தலை பிளக்குது. குமட்டுது.”

“ஆமா. போய்த் திற.”

“கால் நிக்கல. நீ வா.”

“இரு, கொஞ்ச நேரம்தான்.”

திரும்பி வந்து பேசினேன். கீலுங் மாமா அப்போது, “என்ன தம்பி, கருவிக்குச் சோறு போடப் போனியா?” என்று எழுதினார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிப்பது பதிவில் தெரியும்.

இரண்டாம் முறை தட்டல் கதவின் கீழ்ப்பகுதியிலிருந்து வந்தது. அதிலிருந்து அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்துகொண்டேன். விரல் நகங்களால் தட்டினாள். கையைத் தூக்க முடியவில்லை என்று அர்த்தம். சொற்களுக்கு நடுவே இடைவெளி கூடியிருந்தது. தீயணைப்புக்காரர் சொன்ன வரிசையில் அவள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சின்ன அடையாளத்திலிருந்து பெரிய விஷயத்தைக் கண்டுபிடிப்பதுதானே என் தொழில்.

தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்போதுதான் தோன்றியது, இத்தனை ஆண்டுகளில் நான் அவளிடம் நேராகக் கேட்டதே இல்லை என்று.

“ஆறா, அஞ்சா?”

“என்னது?”

“டேப்லெட். சொல்லு, திறக்கறேன்.”

அவள் சிரித்தாள், மேடம். அது சிரிப்புதான். “லூசா நீ” என்றாள். “விளையாடாதே. திற.”

நான் விளையாடவில்லை. ஒரே ஒரு கேள்வி. ஒரு சொல்லில் பதில். திறப்பதென்று முடிவு செய்துதான் கேட்டேன். அவள் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே திறந்திருப்பேன். சொல்லாமல் இழுத்தது நானில்லை. நான் நாற்காலிக்குத் திரும்பி, பேட்டரியின் எடையைப் பற்றிக் கொஞ்சம் பேசினேன்.

மூன்றாம் முறை அவள் தட்டவில்லை. நானே போனேன். பக்கம் எந்த நேரமும் வந்துவிடலாம். ரப்பர்ப் பட்டை அருகே காதை வைத்தேன். மூச்சு கேட்டது. “ஆறு?” என்றேன். அவள் ஏதோ சொன்னாள். அது பதிலில்லை. “அஞ்சு?” என்றேன்.

நிறுத்தம்.

அவளிடம் அவ்வளவு நீளமான நிறுத்தத்தை நான் அதற்குமுன் கண்டதில்லை. சாப்பாட்டு மேசையில் செய்தாளே, அந்த மாதிரி வேண்டுமென்றே செய்த நிறுத்தம் இல்லை அது. கலப்பில்லாதது. மூன்று ஆண்டுகள் பார்த்தவனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? நாற்காலிக்கு வந்து மைக்கைப் போட்டு, ஐந்து என்று மாற்றிக்கொள்கிறேன் என்றேன்.

கீலுங் மாமாவும் ஐந்து, நானும் ஐந்து. பந்தயமே விழுந்துபோயிற்று. சிலர் திட்டினார்கள். ஏன் மாற்றினாய் என்று கேட்டார்கள். காரணம் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன், நன்றாகவே சொன்னேன். பின்மூடியின் உலோகம், வெப்பம், விலை என்று வரிசையாக. சொல்லிக்கொண்டிருக்கும்போதே பக்கம் வெளியானது. ஐந்து கோர். திரையே நிறைந்துபோகிற அளவுக்கு வாழ்த்து வந்தது. எல்லோருக்கும் நன்றி சொன்னேன். பெயர் சொல்லி நன்றி சொல்வது என் வழக்கம். பிறகு கேமராவை அணைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். பாதிதான் திறந்தது. அவள் அதில் சாய்ந்திருந்தாள்.

பால்கனிக்குப் போய் ஜன்னலைத் திறந்தேன். ஹீட்டரை அணைத்தேன். எச்சரிக்கைக் கருவியில் பேட்டரியைப் போட்டேன். போட்டதும் அது அலறத் தொடங்கியது. பிறகுதான் போன் செய்தேன். ஆம்புலன்ஸ் வரும்வரை அது அலறிக்கொண்டே இருந்தது. எதிர்வீட்டுக்காரர் வந்து என்னைப் பிடித்து வெளியே இழுத்தார். அவருக்கு நன்றி சொன்னது நினைவிருக்கிறது.

எதையும் நான் மறுக்கவில்லை. என் மனைவியை நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளுக்குப் பதில் தெரிந்திருந்தது, கடைசியில் அதைத் தந்தாள் என்பதையும் எழுதுங்கள். எண் சரியாக இருந்தது. தெரியாதவளின் நிறுத்தம் சரியான எண்ணில் வந்து விழாது. அவள் மட்டும் முதலிலேயே தந்திருந்தால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே அவள் சொன்ன அந்த ‘ஏதோ’ என்ன என்று கேட்கிறீர்கள். போன முறை, அவள் ‘அஞ்சு’ என்று வாயால் சொன்னதாக உங்களிடம் சொன்னேன். மாமியாரிடம் சொன்னது வேறு. இரண்டும் இல்லை. இப்போது சொல்வதுதான் சரியானது. நாக்குக் குழறியது, ஆனால் ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. என்னை ஏமாற்றுவதற்காகச் சொன்னாள் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

“எனக்குத் தெரியாது, போ-ஹான். அந்த விசாரணை முடிஞ்ச அன்னைக்கே என்னை அங்கேர்ந்து எடுத்துட்டாங்க. ரைஸ் குக்கர்ல போடற சில்லுதான் பார்க்கறேன். உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. சத்தியமாத் தெரியாது. கதவைத் திற.”